பத்திரம் ட்ராவல்ஸில் ஒரு காசி டிக்கெட்

பயணம் போக வந்தவர்களைப் போகவிடாமல் தடுப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டு, அதில் லாபமும் பார்த்த ஒரே மனிதர் சித்தூரில்தான் இருக்கிறார். வேறு ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். ஒரு பூமி அப்படி இரண்டு பேரைத் தாங்காது.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். பெயர் இல்லாமல் ஆதார் அட்டை தரமாட்டார்கள். ஆனால் எங்களுக்கு அவர் ‘பத்திரம்’. மதனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குக்காரர். பாதுகாப்பு என்ற அர்த்தத்தில் ஆசை ஆசையாகக் கடைக்கு ‘பத்திரம் ட்ராவல்ஸ்’ என்று பெயர் வைத்தார். வைத்த இடம்தான் சரியில்லை. எதிர்ச் சாரியில் பத்திரப் பதிவு அலுவலகம். காலையில் கடை திறந்ததும் வேர்க்க விறுவிறுக்க யாராவது ஏறி வருவார்கள்.

“சார், கிரயப் பத்திரம் எழுதணும். முத்திரைத்தாள் கீதா?”

இது ட்ராவல்ஸ் என்று சொல்லி அனுப்பிவிடலாம். பத்திரம் அனுப்பமாட்டார். உட்கார வைத்து விசாரிப்பார்.

“நெலம் எந்தப் பக்கம்? ஏரிக்கரையாண்டயா? வத்து சார், வாணாம். ஒரு பெரிய மழை வந்தா மொத்தமும் தண்ணில. உங்க புள்ளைங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

நிலம் வாங்க வந்தவர் வாங்காமல் வீட்டுக்குப் போவார். பதிவு அலுவலகத்துக்காரர்களுக்கு இவர்மேல் இருந்த கோபம் நியாயமானது.

மற்ற ட்ராவல்ஸ் வாசலில் சலுகைகள் எழுதிய பலகை இருக்கும். இவர் கடை வாசலிலும் இருந்தது. ‘ஊட்டி – குடும்பச் சலுகை. வளைவுகள் அதிகம்.’ ‘கன்னியாகுமரி – சூரிய உதயம் இலவசம். அலை சொல்லிவிட்டு வராது.’ ‘தலக்கோனா அருவி – ஒருநாள் சுற்றுலா. மேலே பார்த்துக்கொண்டே குளிக்கவும்.’ நடு சீட்டுக்குத் தள்ளுபடி உண்டு. டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முன் சீட்டை விற்கவே மாட்டார். டிக்கெட்டைக் கேன்சல் செய்தால் முழுப் பணத்தோடு ஒரு டம்ளர் காபியும் கொடுத்து, “நல்ல முடிவு எடுத்தீங்க” என்று கையைக் குலுக்குவார்.

கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போக வந்த ஒரு ஜோடியைப் பஸ்ஸின் முன்பாதியில் ஒருவர், பின்பாதியில் ஒருவர் என்று பிரித்து உட்கார வைத்தார். மாப்பிள்ளை சண்டைக்கு வந்துவிட்டார்.

“யோவ், நாங்க இன்னா பஞ்சாயத்துக்கா போறோம்? ஹனிமூன்யா!”

“கோச்சுக்காத பா. ஏதனா ஒண்ணு ஆச்சுன்னா வூட்டுக்குச் சேதி சொல்ல ஒருத்தராவது வேணும் இல்ல?”

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். அதைப் பார்த்து இவரும் அழ ஆரம்பித்தார். ஊட்டிப் பயணம் காபியில் முடிந்தது.

திருமலைக்கு நடந்து போகிறவர்களுக்குத் தனிப் பாடம் நடக்கும். “கூட்டமா போங்க. கோவிந்தா கோவிந்தான்னு தொண்டை கிழியச் சொல்லிக்கினே போங்க. சாமிக்குக் கேக்கறதுக்கு இல்ல, அவரு முணுமுணுத்தாலே கேப்பாரு. சிறுத்தைக்குக் கேக்கணும்.”

இப்படி ஒரு கடை எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். பிரமாதமாக ஓடியது. பெங்களூரிலும் சென்னையிலும் ஸ்ரீசிட்டியிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாரும் தங்கள் அப்பா அம்மாவை இவர் கையில்தான் ஒப்படைத்தார்கள். தைரியசாலி கையில் பெற்றவர்களைக் கொடுத்துவிட்டு யாரால் தூங்க முடியும்? இவர் தடுத்த தடுப்பையெல்லாம் தாண்டி வருகிறவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பது மனைவி சுகுணாக்காவின் வேலை. அவர் நகரித் தமிழ்க்காரர், தறிச் சத்தத்தில் வளர்ந்தவர். அதனால் புருஷன் பேச்சு காதில் விழாமல் வேலை பார்க்கும் வித்தை அவருக்குத் தெரியும். பயணிகளைக் கூடவே அழைத்துப்போவது சுகுணாக்காவின் தம்பி. தெலுங்கில் மச்சானைப் ‘பாமர்தி’ என்பார்கள். பத்திரம் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஊருக்கே அவர் பாமர்தி ஆகிவிட்டார்.

நானும் பயந்த கூட்டம்தான். ஃபோன் அடித்தால், அதை எடுப்பதற்குள் என் மனசு ஆஸ்பத்திரி வாசல்வரை ஓடிப்போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும். திருப்பதியில் வேலை, சித்தூரில் அப்பா; எங்கள் பேச்சில் நைனா. நடுவில் இருக்கிற சாலை முழுக்க என் நெஞ்சுதான் நீளமாகப் படுத்துக் கிடக்கும்; போகிற லாரி எல்லாம் அதன் மேல்தான் போகும்.

நைனா மாம்பழ மண்டியில் ஏலம் கூவி ஓய்ந்தவர். ஓய்ந்தது உடம்புதான், தொண்டை இல்லை. அம்மா இறந்ததிலிருந்து அவருக்கு ஒரே பேச்சு. “காசிக்குப் போவணும். அங்க கங்கைக்கரையில உங்கம்மாவுக்கு ஒரு பிண்டம் வெக்கணும்.” இதயத்தில் ஸ்டென்ட் வைத்த டாக்டர், “தூரப் பயணம்னா பாத்துப் பண்ணுங்க” என்றார். நைனா காதில் ‘பண்ணுங்க’ மட்டும்தான் விழுந்தது. நான் கெஞ்சினேன், நகரியில் இருக்கும் அக்கா வந்து அழுதாள். பலிக்கவில்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. நைனாவைப் பத்திரத்திடம் கூட்டிக்கொண்டு போனேன். ஊரையே பயமுறுத்தியவர், இந்த ஒரு கிழவரைப் பயமுறுத்தமாட்டாரா?

பத்திரம் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார்.

“காசியா பெரியவரே? குளிரு எலும்பக் கடிக்கும்.”

“அங்க மாட்டுக்கே சட்டை போடுவாங்களாமே? அத பாக்கணும்யா.”

“படிக்கட்டு பூரா பாசி. வழுக்கினா நேரா கங்கைதான்.”

“கங்கையிலதானே விழுவேன்? சாக்கடையில இல்லியே.”

“கொரங்கு வந்து மூக்குக் கண்ணாடியப் புடுங்கிக்கும்.”

“அதுவாவது போட்டுக்கினு படிக்கட்டும். எனக்கு அதுல ஒரு எழுத்தும் தெரியல.”

பத்திரத்துக்கு வேர்த்தது. கடைசி ஆயுதத்தை எடுத்தார். “சந்து எல்லாம் இத்தினூண்டு. எதிர்ல காளை வரும். ஒதுங்க எடமே கெடையாது.”

நைனா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “எம்மாம் பெரிய காளை?”

பத்திரம் என் பக்கம் திரும்பினார். அவருக்கு நான் ‘அம்மாயி’; தெலுங்கில் பெண்பிள்ளை என்று அர்த்தம். அப்படி ஒரு தோற்ற முகத்தை நான் எந்தத் தேர்தலிலும் பார்த்ததில்லை. “அம்மாயி, உங்க நைனாவுக்குள்ள பயம் உக்கார எடமே இல்லமா. நான் இன்னா செய்ய?”

“எனக்கு அப்பவே தெரியும்” என்றார் சுகுணாக்கா. “கீழ் பெர்த்தே கெடைச்சிருக்கு பெரியப்பா.”

ரயிலேற்றும் நாளில், தனக்குத் தெரிந்த ஆபத்துகளையெல்லாம் பத்திரம் இன்னொரு முறை சொல்லி முடித்தார். அதில் ஒன்று மட்டும் இங்கே முக்கியம். “கூட்டத்துல ஃபோன கையில வெக்காதீங்க. புடுங்கிக்கினு ஓடிடுவான். ஆஃப் பண்ணி இடுப்புல கட்டிக்கோங்க.” நைனாவோடு காசிக்குப் போகும் கோஷ்டியில் இருந்த எல்லாரும், அழைத்துப்போகும் பாமர்தி உட்பட, அதை வேதம்போலக் கேட்டுக்கொண்டார்கள்.

ரயில் காசிக்குப் போய்ச் சேரவேண்டிய நாள் வந்தது. எனக்கு ஆபீஸில் கை ஓடவில்லை. நண்பகலில் ஃபோன் சிணுங்கியது. பத்திரம் ட்ராவல்ஸ். வழக்கமாக அந்தச் செய்திகளைச் சுகுணாக்கா அனுப்புவார், ‘எல்லாரும் நல்லபடியா வந்துட்டாங்க’ என்று சுருக்கமாக. இது அப்படி இல்லை.

‘அம்மாயி, உங்க நைனா காத்தால போய் சேந்துட்டாரு. ஒரு கஷ்டமும் படல. ராத்திரி தூக்கத்துலயே எல்லாம் ஆயிடுச்சு. பாமர்தி பக்கத்துலயே இருந்தான். சாயங்காலம் கங்கைக்குக் கொண்டு போறாங்க. நீங்க யாரும் கவலப்படாதீங்க. இனிமே அந்த ஈஸ்வரன் பாத்துக்குவாரு.’

கீழே ஒரு படம் வேறு. சிக்னல் இல்லாததால் அது முழுசாக இறங்காமல் மங்கலாக நின்றது. நெற்றியில் அகலமாக வெள்ளைப் பட்டை. கழுத்தில் சாமந்தி மாலை. மூடிய கண்கள்.

நைனா ஃபோனுக்குப் போட்டேன். அணைந்திருந்தது. பாமர்தி ஃபோனும் அணைந்திருந்தது. பத்திரத்தின் ஃபோன் யாரோடோ பேசிக்கொண்டே இருந்தது. அக்காவுக்கு அந்தச் செய்தியை அனுப்பினேன். பதிலுக்கு அவள் குரல் வரவில்லை, ஒரு ஊளைதான் வந்தது. பின்னாலேயே அக்கா வீட்டுக்காரரான மாமாவின் குரல்: “நீ சித்தூருக்கு வா. நாங்களும் கெளம்பறோம். பந்தலுக்கும் நாற்காலிக்கும் சொல்லிட்டேன்.”

சித்தூர் பஸ்ஸில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. சந்திரகிரிக் கோட்டை வந்தது, போனது. மலைகள் எல்லாம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு துக்கத்துக்கு உட்கார்ந்தவைபோல் இருந்தன. பஸ்ஸில் ஏதோ ஒரு குத்துப்பாட்டு. பக்கத்து சீட்டு அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். உலகம் இவ்வளவு சாதாரணமாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நைனா அங்கே, பாஷை தெரியாத ஊரில், யாரோ தோளில். அம்மாவுக்குப் பிண்டம் வைத்தாரா, வைக்குமுன்பேவா? பெருமூச்சு விட்டால் அழுதுவிடுவேன் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டே வந்தேன். சித்தூர் கலெக்டர் ஆபீஸ் தாண்டியதும் ஆட்டோ பிடித்துக் கடைக்கு ஓடினேன்.

அங்கே எனக்கு முன்பே ஒரு கூட்டம். ஒரு பெரியம்மா தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் தம்பி இருவர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குலுங்கினார்கள். கோஷ்டியில் போன தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் அதே செய்தி. நடுவில் பத்திரம், கண்கலங்க, ஒவ்வொருவருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தார்.

“அழுங்கமா, நல்லா அழுங்க. காசின்னா சும்மாவா? எல்லாருக்கும் கெடைக்கிற பாக்கியமா இது?” என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாமா அம்மாயி! நீயும் வந்துட்டியா? உங்க ஜனங்களுக்கு எவ்ளோ பக்தி!”

“அண்ணா” என்றேன். “உடம்பு எப்ப வரும்?”

“உடம்பா? உடம்புக்கு இன்னாமா, நல்லா கீது. வந்து எறங்கினதும் பூரி துன்னாராம்.”

“யாரு?”

“உங்க நைனாதான். துன்னுட்டு இன்னும் கேட்டாராம். எண்ணெ வத்துன்னு பாமர்தி தட்ட எடுத்து வெச்சிருக்கான்.”

கடையில் அழுகை அப்படியே நின்றது. அண்ணன், தம்பியை விட்டுவிட்டுத் திரும்பினான். “எங்கப்பா?”

“அவரு பூரி வாணாம், இட்லிதான் வேணும்னு பாமர்தி கூட சண்டை.”

தரையில் இருந்த பெரியம்மா மூக்கைச் சிந்தியபடி எழுந்தார். “எங்க வூட்டுக்காரரு?”

“குளிக்கப் போனாரு. தண்ணி ஜில்லுன்னு கீதுன்னு திரும்பி வந்துட்டாரு.”

“அடப்பாவி! போய் சேந்துட்டாருன்னு அனுப்பினியே!”

“ஆமா. போனாரு. சேந்துட்டாரு. அதுல இன்னா தப்பு?”

பெரியம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் சுகுணாக்கா உள்ளே வந்தார். புத்தூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு, பட்டுச்சேலையோடு நேரே வருகிறார். அவர் இல்லாததால்தான், பாமர்தி ஃபோனை அணைக்குமுன் சொன்னதையும் அனுப்பிய படத்தையும் வைத்து, பத்திரம் தானாகவே ஃபோனிடம் வாயால் சொல்லித் தமிழ்ச் செய்தி அனுப்பியிருக்கிறார். சுகுணாக்கா என் ஃபோனை வாங்கிப் படித்தார். இரண்டாவது வரியிலேயே தலையில் அடித்துக்கொண்டார்.

“யோவ் மனுஷா! தமிழ்ல போய் சேந்துட்டாருன்னா செத்துட்டாருன்னு அர்த்தம்யா!”

“தெலுங்குல சேரிப்போயாருன்னா?”

“தெலுங்குல வந்துட்டாருன்னு அர்த்தம்!”

நாங்கள் ஒரே மூச்சில் இரண்டு பாஷை பேசுகிற ஜனங்கள். ஒரு பாஷையில் ஏறி இன்னொன்றில் இறங்கிவிடுவோம், நடுவில் வண்டி மாறியதே தெரியாது. ஊட்டி மலையின் ஒவ்வொரு வளைவுக்கும் எச்சரிக்கை எழுதிய மனிதருக்கு, இந்த வளைவில் ஒரு பலகை வைக்கத் தோன்றவில்லை.

என் ஃபோனில் அந்தப் படம் இப்போது முழுசாக இறங்கியிருந்தது. மாலையும் விபூதியுமாக நைனா கண்ணை மூடிக்கொண்டு, கையிலிருந்த மண் கோப்பையில் டீ ஊதிக்கொண்டிருந்தார்.

சுகுணாக்கா விடாமல் போட்டதில் பாமர்தியின் ஃபோன் ஒருவழியாகக் கிடைத்தது. வீடியோவில் நைனாவின் மூக்கு வந்தது, பிறகு முகம் வந்தது.

“இன்னாமா அழுதுகினு கீற? யாரு பூட்டாங்க?”

“நீதான் நைனா.”

“நானா? எப்ப?”

விஷயத்தைச் சொன்னேன். மாமா பந்தலுக்கும் நாற்காலிக்கும் சொல்லிவிட்டதையும் சொன்னேன். நைனா கொஞ்சம் யோசித்தார்.

“நாற்காலி நெறைய சொல்லச் சொல்லு. மண்டி ஆளுங்களே ஏகப்பட்ட பேர் வருவாங்க.”

கடையே சிரித்தது. கன்னத்தில் கண்ணீர் காயாத பெரியம்மா, கையில் செருப்போடு சிரித்தார். பத்திரம் மட்டும் சிரிக்கவில்லை. வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“எல்லாருக்கும் சேத்து நானே பயந்துட்டா, ஜனங்க நிம்மதியா போய்ட்டு வருவாங்கன்னு இருந்தேன்” என்றார், யாரையும் பார்க்காமல். “கடைசில நானே…”

எழுந்து போய், வாசல் பலகையில் இருந்த எச்சரிக்கைகளையெல்லாம் அழித்துவிட்டார். சில நாள் கழித்துச் சுகுணாக்கா ஃபோனில் கிசுகிசுத்தார். “நேத்து ஒருத்தரு கொடைக்கானல் கேட்டாருமா. ‘போங்க’ன்னு சொல்லிட்டாரு இவரு. வேற ஒண்ணுமே சொல்லல. எனக்குப் பயமா கீது.”

எனக்கும் பயமாக இருந்தது. கோஷ்டி கயா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. நைனாவின் ஃபோன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. பாமர்தியின் ஃபோனுக்கு லைனே கிடைக்கவில்லை. பத்திரத்திடமிருந்து சரியாகவோ தப்பாகவோ ஒரு வரிகூட வரவில்லை. இத்தனை நாள் என் பயத்தில் பாதியை அந்த மனிதர் தன் கடையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மொத்தமும் என் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. தட்டில் சோறு ஆறும், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நைனா ரயில் கதவருகே நிற்பார். நைனா ஏதோ ஒரு ஸ்டேஷனில் வடை வாங்க இறங்குவார். நைனாவின் நெஞ்சில் இருக்கும் அந்தச் சின்னக் கம்பிவலை, தண்டவாளத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் அதிரும். அந்த மோசமான செய்தியைக்கூடத் தாங்கிவிட்டேன். செய்தியே இல்லாததைத் தாங்க முடியவில்லை.

ரயில் வரும் காலையில் அக்காவும் நானும் ரேணிகுண்டா ஸ்டேஷனில் நின்றோம். ரயில் தாமதம் என்று மூன்று பாஷையில் சொன்னார்கள். மூன்றையும் நான் நம்பவில்லை. பெரியம்மாவும் அந்த அண்ணன் தம்பியும் ஆளுக்கொரு தூணோரம் நின்றார்கள். வந்து நின்ற ரயிலின் கதவிலிருந்து முதலில் இறங்கியது நைனா இல்லை, பாமர்தியும் இல்லை. கசங்கிய சட்டையும் சிவந்த கண்ணுமாகப் பத்திரம்.

விஜயவாடா வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கே அந்த ரயிலில் ஏறியிருக்கிறார். வீட்டில்கூடச் சரியாகச் சொல்லவில்லை. கீழே நின்றபடி, தன் பயணிகளை ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கினார். இறக்கியவரை நேரே அவரவர் வீட்டாரிடம் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு வார்த்தை தமிழ் இல்லை, தெலுங்கும் இல்லை. அண்ணன் தம்பியின் கைகளை எடுத்து அவர்கள் அப்பாவின் தோளில் வைத்தார். பெரியம்மா தன் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்து முடிக்கும்வரை, காய்கறிக் கூடையை இறக்கிவைத்த வியாபாரிபோல் பக்கத்திலேயே காத்திருந்தார்.

கடைசியாக நைனா. கையில் கங்கைச் சொம்பு, முகத்தில் எரிச்சல்.

“இந்த ஆளக் கொஞ்சம் கூட்டிக்கினு போமா. விஜயவாடாலருந்து என் நாடியப் புடிச்சிக்கினே வரான். பாத்ரூமுக்குப் போனாலும் கதவாண்ட நின்னுக்கினு, ‘பெரியவரே, பெரியவரே’ன்னு தட்டிக்கினே கீறான். பதில் சொல்லிச் சொல்லி என் தொண்டையே போச்சு.”

“அம்மாவுக்கு வெச்சியா நைனா?” என்றாள் அக்கா.

“வெச்சேன்” என்றார் நைனா. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அவர் குரல் இறங்கியது.

பத்திரம் நைனாவின் கையை எடுத்து என் கையில் வைத்தார், பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுப்பவர்போல. நைனாவின் கை வெதுவெதுப்பாக இருந்தது. பத்திரத்தின் கைதான் சில்லிட்டிருந்தது. நைனாவை அக்காவிடம் விட்டுவிட்டு, அந்தக் கையை நான் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.